கஸ்தூரிக்கு ஹோம் கொடுத்த நாள்

என் இடது கை தோள் உயரத்தில் நீண்டிருந்தது. விரல்களை மடக்கிப் பிடித்திருந்தேன். அப்படிக் கையை நீட்டிய நடுவர் ஆட்டத்தை நிறுத்தக்கூடாது. பந்து எங்கே போகிறதோ அங்கே போய் ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

பந்து வேலியோரம் உருண்டுகொண்டிருந்தது. எனக்கு முன்னால், மூன்றாம் பேஸைத் தாண்டிய இடத்தில், இரண்டு பெண்கள் செம்மண்ணில் கிடந்தார்கள். ஒருத்தி உடனே எழுந்துவிட்டாள். இன்னொருத்தி எழவில்லை.

எழுந்தவள் கிடந்தவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிடி. ஏய் கஸ்தூரி, ஓடுடி! ஹோம் அங்கதான் இருக்கு, ஓடு!"

சொன்னவள் எதிரணிப் பெண். கஸ்தூரி எழுந்து ஓடினால் தோற்கப்போவது இவளுடைய அணி. அது அவள் நினைவிலேயே இல்லை.

கூலிம் பக்கத்துத் திடல் அது. செம்பனை எண்ணெய் ஆலை ஓடுகிற நாள். அவித்த பழத்தின் புளித்த வாடை காற்றில் கனத்துக் கிடந்தது. பெருந்தொற்று முடிந்து பள்ளிப் போட்டிகள் மறுபடி தொடங்கியிருந்த காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மாதத்தைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்தத் தொடரில் தொழிற்சாலை நாட்களைப் பற்றி எழுதினேன். கம்பெனி பஸ்ஸில் நடந்த கல்யாணப் பேச்சுகளைப் பற்றி எழுதினேன். "அக்கா, நீங்க அம்பயர்னு சொன்னாங்களே, அதைப் பத்தி ஏன் எழுதவே இல்ல?" என்று ஜித்ராவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தால் இந்த ஒரு ஆட்டம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதவில்லை, தங்கச்சி.

பேஸ் கொடுப்பது என்றால்

சாஃப்ட்பால் நடுவர் என்றால் நம் ஆட்களில் பலருக்கு விளங்காது. "பூப்பந்தா?" என்பார்கள். இல்லை, பேஸ்பால் மாதிரி, பந்து கொஞ்சம் பெரிசு, பெண்கள் நிறைய விளையாடுவார்கள் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

சுங்கை பட்டாணியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஜப்பானிய மேலாளர்கள் இருந்தார்கள். பெண் தொழிலாளர்களுக்கு என்று ஒரு குழு அமைத்தார்கள். புக்கிட் செலம்பாவிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிப் போகிற நான் அதில், அடிப்பவளுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சராகக் குந்தினேன். வருடக்கணக்கில் குந்தியதில் முட்டி போய்விட்டது. பிறகு அலோர்ஸ்டாரில் நடுவர் பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான்.

ஆட்டத்தின் கணக்கு சுலபம். திடலில் மூன்று பேஸ், நான்காவதாக ஹோம். பந்தை அடித்தவள் அவற்றை வரிசையாகத் தொட்டுக்கொண்டு சுற்றி வந்து ஹோமை மிதித்தால் அணிக்கு ஒரு ஓட்டம். பேஸை ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சில நேரம் நடுவர் கொடுப்பார். இந்தக் 'கொடுப்பது' இருக்கிறதே, அதில்தான் எங்கள் தலைமுடி நரைக்கிறது.

எறிந்த பந்து ஆட்ட எல்லையை விட்டு வெளியே போய்விட்டால் ஓடுகிறவளுக்கு இரண்டு பேஸ். நகரத்துத் திடல் என்றால் வேலி இருக்கும், சிக்கல் இல்லை. தோட்டப்புறத்தில் சுண்ணாம்புக் கோடுதான் வேலி. ஒரு தடவை பந்து லோங்காங் சாக்கடைக்குள் விழுந்ததா, அதன் விளிம்பிலேயே நின்றதா என்று இரண்டு ஆசிரியர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் போய்விட்டது. திடலே சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல், பந்து கையை விட்ட நேரத்தில் ஓடியவள் எந்த பேஸில் இருந்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்துதான் இரண்டை எண்ண வேண்டும்.

கொடுத்த பேஸாக இருந்தாலும் போய்த் தொட வேண்டும். தொடாமல் விட்டால் எதிரணி கேட்கும், அவுட் ஆகிவிடும். ஓடுகிறவள் அடிபட்டு நகர முடியாமல் போனால் அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி போய்த் தொடலாம். பயிற்சியில் இந்த விதியைப் படித்தபோது, இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

இன்னொன்று தடுப்பு. 'ஒப்ஸ்ட்ரக்ஷன்' என்போம். கையில் பந்து இல்லாமல் ஒருத்தி ஓடுகிறவளின் வழியில் நின்று, அதனால் ஓட்டம் கெட்டால், அது தடுப்பு. நடுவர் உடனே இடது கையை நீட்டுவார். ஆட்டம் ஓய்ந்ததும், தடுக்காமல் விட்டிருந்தால் அவள் எந்த பேஸ்வரை போயிருப்பாள் என்று நடுவரே முடிவுசெய்து அதைக் கொடுப்பார்.

நின்றவள் வேண்டுமென்று நின்றாளா, தெரியாமல் நின்றாளா என்று விதி கேட்பதில்லை. நடுவரும் கேட்பதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டு பேர்

கஸ்தூரி பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா முனியாண்டி அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினார். அவருடைய ஒரே தங்கச்சி சாந்தி. சாந்தியின் மகள்தான் மோகனா. கீழே விழுந்து உடனே எழுந்தாளே, அவள்.

மாமன் மகளும் அத்தை மகளும் ஒரே வயசு. ஒரே லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தியாக வளர்ந்தவர்கள். ஒரே இடைநிலைப்பள்ளி. ஒரே குழு. கஸ்தூரி இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே ஷார்ட் ஸ்டாப்பில் நிற்பாள். மோகனா மூன்றாம் பேஸில். இரண்டு இடமும் பக்கம் பக்கம். நடுவில் பந்து வந்தால் "நீ எடுடி", "நீ போடி" என்று இரண்டு பேரும் கத்துவது எல்லைக்கோடு வரைக்கும் கேட்கும். நானே பலமுறை அதட்டியிருக்கிறேன்.

சாந்திக்குக் கூலிமில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. புருஷன் இல்லாத பெண், தினமும் அவ்வளவு தூரம் போய் வர முடியாது. டவுனில் வாடகை வீடு பார்த்துப் போனார். மோகனா டவுன் பள்ளிக்கு மாறினாள். சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிக் கொடுத்தது முனியாண்டி அண்ணன்தான். மகள்கள் இரண்டு பேரும் லோரியின் பின்னால் மெத்தைமேல் உட்கார்ந்து போனதாகச் சாந்தி சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் அந்த இறுதி ஆட்டத்தில் இரண்டு பேரும் வேறு வேறு சட்டையில் வந்து நின்றார்கள்.

கஸ்தூரிக்கு அப்போது மாநிலப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்திருந்தது. ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருஷம். அந்த முகாமில் தேறினால் விளையாட்டை வைத்தே மேலே படிக்க ஒரு வழி இருந்தது. டிராக்டர் ஓட்டுகிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

அந்தப் பந்து

கடைசி இன்னிங்ஸ். ஓட்டம் சமம். கஸ்தூரி இரண்டாம் பேஸில் நின்றாள். அவள் அணிப் பெண் ஒருத்தி பந்தை வலது பக்கம் தரையோடு அடித்தாள். எதிரணி நின்ற வரிசையைக் கிழித்துக்கொண்டு பந்து பின்னாலிருந்த புல்லுக்குப் போனது.

கஸ்தூரி ஓடினாள். நான் பேஸ் நடுவர். அவளோடு சேர்ந்து மூன்றாம் பேஸ் பக்கம் ஓடினேன். அவள் ஓடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். தலை ஆடாது. மூன்றாம் பேஸின் உள்மூலையை மிதித்துத் திரும்பினாள். அவளுடைய ஆசிரியர் கையைச் சுழற்றி "போ, போ!" என்றார்.

வலது பக்கத்துப் பெண் பதற்றத்தில் பந்தை மூன்றாம் பேஸுக்கு எறிந்துவிட்டாள். எறி நேராக வரவில்லை. ஹோம் பக்கமாக விலகி வந்தது. மோகனா பேஸை விட்டுப் பந்தை நோக்கிப் போனாள். கண் பந்தின் மேல். கையுறை நீண்டிருந்தது. பந்து இன்னும் அவள் கைக்கு வரவில்லை.

கஸ்தூரி ஹோம் பக்கம் திரும்பிய வேகத்தில் மோகனா வழியில் இருந்தாள்.

ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். அதற்குள் இன்னொரு சின்னச் சத்தம். அந்தச் சின்னது என்ன என்று எனக்குத் தெரியும். என் முட்டிக்குத் தெரியும்.

கையை நீட்டினேன். பந்து ஓய்ந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். பிறகு, சொல்ல வேண்டிய முறைப்படி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஒப்ஸ்ட்ரக்ஷன். மூன்றாம் பேஸ். ஓடியவருக்கு ஹோம்."

டவுன் பள்ளி ஆசிரியர் ஓடி வந்தார். அவள் பந்தைப் பிடிக்கத்தானே போனாள் என்றார். கையில் பந்து இல்லை, சார் என்றேன். நியாயமான மனிதர். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

இன்றைக்கு அதே பந்து வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

கஸ்தூரி மண்ணில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஹோம் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சும்மா. நீ அசையாத."

"நான் போயித் தொடணும்ல?"

"வேற ஆள் போவாங்க. ரூல் இருக்கு."

"வேணாங்க்கா. கொஞ்ச தூரந்தானே, நானே போறேன்."

நான் பிடிப்பதற்குள் கையை ஊன்றி எழுந்தாள். கால் மடிந்தது. கால் மடிகிற பக்கத்தில் மடியவில்லை. மோகனா அலறினாள். கஸ்தூரி அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டாள். அவள் தலையை மோகனா தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டே நடந்தாள். ஹோமைக் காலால் மிதித்தாள். போதாதோ என்று பயந்து குனிந்து கையாலும் தொட்டாள். ஹோமுக்குப் பின்னால் நின்ற தலைமை நடுவர் ரஹிம் அண்ணன் ஆட்டம் முடிந்தது என்று கையைக் காட்டினார்.

ஜெயித்துவிட்டார்கள். யாரும் கை தட்டவில்லை.

கஸ்தூரியை ஆசிரியரின் காரில் ஏற்றினார்கள். மோகனாவும் ஏறப்போனாள். காரில் இடமில்லை. அவளுடைய குழு அவளைக் கூப்பிட்டது. பரிசு கொடுக்கிற நேரம், வரிசையில் ஆள் குறையக்கூடாது என்றார்கள். அவள் போய் நின்றாள். இரண்டாம் பரிசு மெடலை அவள் கழுத்தில் போட்டார்கள். அதையும் யாரோ படம் எடுத்தார்கள்.

போனில் வந்த என் கை

யாரோ மோதலைப் போனில் வீடியோ பிடித்திருந்தார்கள். அன்று சாயங்காலமே அது தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. எனக்கும் வந்தது. மோதல் சரியாகத் தெரியவில்லை. ஒரு முதுகு, புழுதி, விழுகிற இரண்டு பேர். தெளிவாகத் தெரிந்தது என் கைதான். பிறகு என் குரல். 'ஒப்ஸ்ட்ரக்ஷன். மூன்றாம் பேஸ்.'

கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'அம்பயரே சொல்லிட்டாங்க, அந்தப் பொண்ணுதான் தடுத்துச்சுன்னு.'

அடுத்து வந்தது மெடல் படம். 'மாமன் மக கால ஒடச்சிட்டு மெடல் வாங்குறா பாரு.'

நான் பதில் எழுதினேன். விதி வேறு, குற்றம் வேறு என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். படம் அதற்குள் வேறு குழுக்களுக்குப் போய்விட்டது.

அந்த வார இறுதியில் சாந்தி மோட்டார் சைக்கிளில் மோகனாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்கு என் வீட்டைத் தேடி வந்தார். மோகனா உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அக்கா, எங்கண்ணன் வீட்டுக்குள்ள விடல," என்றார் சாந்தி. "நான் பொறந்து வளந்த வீடுக்கா அது. கதவுல நின்னுக்கிட்டு, 'ஒம் மவ செஞ்சத அம்பயரே சொல்லியாச்சு, இனி என்னா பேச்சு'ன்னாரு."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"தெரியும்க்கா. ஆனா நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு. ஒரு வாட்டி வாங்கக்கா. ப்ளீஸ் லா."

சுவருக்கு வெளியே ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் மோகனாவின் முகம் தெரியவில்லை. அழுதாளா, சும்மா நின்றாளா, எனக்குத் தெரியாது.

பாடாங் மேஹாவில்

ஒரு மத்தியானம் போனேன். சாந்தி வெளியே ரோட்டிலேயே நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. முனியாண்டி அண்ணன் வேலைக்குப் போகவில்லை. எழுந்து வரவேற்று உட்கார வைத்தார். கஸ்தூரியின் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். உள்ளறைத் திரைக்குக் கீழே ஒரு கட்டிலின் கால்களும், தரையில் கிடந்த கைத்தடியும் தெரிந்தன.

காயம் பட்ட முதல் சில நாள், உருட்டி நீவி விடுகிறவர் ஒருவரிடம் அவர் மகளைக் கொண்டுபோயிருக்கிறார். கால் பானை மாதிரி வீங்கிய பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது, முதலிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அங்கே கடிந்துகொண்டார்களாம். இதைக் கஸ்தூரியின் அம்மாதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ராத்திரியெல்லாம் யாரை நினைத்துக் கோபப்படுவது என்று தெரியாமல் கிடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் என் கை அவருடைய போனுக்குப் போயிருக்கிறது.

"அண்ணே, மோகனா வேணும்னு செய்யல," என்றேன்.

"நீங்கதானே கையத் தூக்குனீங்க?"

"ஆமாண்ணே."

"அந்தப் புள்ள தடுத்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா தடுப்புன்னா விளையாட்டுல வேற அர்த்தம்ணே. வழியில நின்னாப் போதும். தெரியாம நின்னாலும் அதேதான். வேணும்னு செஞ்சாளாங்கிறது ரூல்ல கிடையவே கிடையாது."

"ரூல்ல இல்லாட்டிப் போவுது. எம் பொண்ணு கால்ல இருக்கே."

காப்பியில் ஆடை படிந்தது.

பிறகு அவரே கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

"ஏம்மா, ஹோம் குடுத்தேன்றீங்களே, அது எப்படி முடிவு பண்ணுறீங்க?"

"தடுக்கலன்னா எதுவரைக்கும் போயிருப்பாளோ, அத குடுக்கணும்ணே."

"தடுக்கலன்னா எம் பொண்ணு எதுவரைக்கும் போயிருப்பா? ஹோம் வரைக்குந்தானா?"

அவர் உள்ளறைத் திரையைக் கையால் காட்டினார்.

"முகாமுக்குப் போயிருப்பா. படிச்சிருப்பா. அத குடுக்க ஒங்க ரூல்ல வழி இருக்கா?"

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் கேட்டது. "அப்பா, அக்காகிட்ட ஏன்ப்பா இப்படிக் கேக்குறீங்க? மோகனா என்னாப்பா செஞ்சா? எறி தப்பா வந்துச்சு. அவ புடிக்கப் போனா. அவ்ளோதான்."

"நீ பேசாம படு."

"அவள வரச் சொல்லுங்கப்பா."

அவர் எழுந்து வெளியே போனார். டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எஞ்சினைக் கிளப்பவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பி ரோட்டுக்கு வந்தபோது, சாந்தி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

கரங்கானில்

கஸ்தூரிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நடந்தாள். ஓடவில்லை. படி இறங்கும்போது ஒரு பக்கம் சாய்வாள். முகாம் அவள் இல்லாமல் நடந்து முடிந்தது.

மோகனா அதற்குப் பிறகு விளையாடவில்லை. பள்ளி முடித்து பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். எனக்கு அவ்வப்போது போனில் எழுதுவாள். ஒரே கேள்விதான். 'அக்கா, கஸ்தூரிய பாத்தீங்களா? நல்லா நடக்குறாளா?' அவள் எண்ணைக் கஸ்தூரியின் போனில் அப்பா தடை செய்திருந்தார். புது எண் வாங்கினாள். ஒரு தடவை கஸ்தூரி எடுத்தாளாம். அப்பா பக்கத்தில் இருந்ததால் பேசாமல் வைத்துவிட்டாளாம். அதைக்கூட மோகனா சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தாள். 'மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சுக்கா. அவதான்.'

பிறகு ஒரு நாள் கரங்கானில் மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப்போனாள், வேண்டாம் என்று கையமர்த்தினேன். முட்டிக்குத் தைலம் வாங்க வந்திருந்தேன். எந்தத் தைலம் நல்லது என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். "நானும் இதத்தான் போடுறேங்க்கா," என்று சிரித்தாள்.

இரண்டு பேருக்கும் முட்டியைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. மழை வரப்போகிறதென்றால் முதலில் தெரிவது நமக்குத்தான் என்றாள். கடையில் வேறு ஆள் இல்லை. நான் மெதுவாக, "மோகனா கேட்டா உன்னைப் பத்தி," என்றேன்.

அவள் ரசீதுத் தாளை விரலில் சுருட்டினாள்.

"அப்பா பேச வேணான்னு சொல்லியிருக்காரு."

"நீ?"

வெளியே மோட்டார் சைக்கிள்கள் போயின. பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, அவ கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம், இல்ல?"

கட்டிலில் படுத்துக்கொண்டு "எறி தப்பா வந்துச்சு" என்று அப்பாவிடம் சத்தம் போட்ட அதே பெண்தான் இதைக் கேட்டாள்.

"பந்து அந்தப் பக்கம் வந்துச்சேம்மா," என்றேன். "எந்த மூணாம் பேஸ்காரியும் அங்கதான் போவா. நீயே நின்னிருந்தாலும் அங்கதான் போயிருப்ப."

"தெரியும்க்கா," என்றாள். "படி ஏறுறப்ப வலிக்குமில்ல, அப்பத்தான் அப்படித் தோணும். ஒவ்வொரு படிக்கும் தோணும்."

வீட்டிலோ தினமும் ஒரே பேச்சு. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது பாதி உண்மையாகிவிட்டிருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வலிக்கிற கால் அவளுடையது. அன்று இரவு மோகனா எழுதிய கேள்விக்கு 'நல்லா நடக்குறா' என்று மட்டும் பதில் போட்டேன்.

துக்க வீடு

போன மாதம் முனியாண்டி அண்ணன் இறந்துவிட்டார். டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நான் போனபோது பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வீட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி காலை நீட்டியபடி அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். வெளியாட்களான எங்களுக்குச் சுவரோரம் நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

சாந்தி வந்தார். கேட்டிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். "அண்ணே, தங்கச்சி வந்துட்டேன், கதவத் தொறந்துட்டியாண்ணே" என்று பெட்டியின் மேல் விழுந்தார். கஸ்தூரியின் அம்மா அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பெண்களும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததில், இத்தனை வருஷம் எதற்காக என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தோன்றியிருக்கும். இனி அந்தக் கதவு மூடாது என்று நான் நினைத்தேன்.

மோகனா பின்னால் நின்றாள். பினாங்கிலிருந்து வேலை உடுப்போடு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கஸ்தூரியைப் பார்த்தாள்.

பாயில் கஸ்தூரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. மோகனா அங்கே குனிந்தாள். "கஸ்தூரி" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கையை நீட்டினாள்.

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தில் கோபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்று வந்த மற்றவர்களைப் பார்த்த மாதிரியே மோகனாவையும் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற ஒரு பெண்ணிடம் திரும்பி, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அவங்களுக்கு ஒரு நாற்காலி குடுங்க."

நாற்காலி வந்தது. சுவரோரம், என் பக்கத்தில் போட்டார்கள். மோகனா எழுந்து வந்து அதில் உட்கார்ந்தாள்.